வாசித்துக் காட்டிய இனம்

சீக்ரக்,
9 அக்டோபர் 1977

அன்புத் தம்பி எவால்ட்,

நானும் அப்பாவும் பசுவும் உயிரோடு இருக்கிறோம். ரீகாவில் உனக்கும் உன் வீட்டுக்காரி பிரூத்தாவுக்கும் உடம்பு எப்படி? உன் முதுகுவலிக்கு நான் அனுப்பிய களிம்பைத் தடவினாயா, அல்லது நாற்றம் என்று ஜன்னலில் வைத்திருக்கிறாயா?

அப்பாவின் கண் மோசமாகிக்கொண்டு வருகிறது. நேற்றுத் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, "கோப்பை நகந்துடுச்சு"ன்னு என்னைத் திட்டினார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ரீகாவில் அறுவை செய்தால் பார்வை வரும் என்கிறார் டாக்டர்.

ஆனால் அதற்கு முன் வேறு ஒரு வம்பு வந்திருக்கிறது. எல்லோருக்கும் உள்நாட்டு அடையாளப் பாஸ்போர்ட்டைப் புதிதாகத் தருகிறார்கள் அல்லவா, அதற்குப் போன வாரம் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பாவின் பழையதில் இனம் என்ற இடத்தில் லிவோனியர் என்று இருந்தது. புதியதில் லாட்வியர் என்று எழுதி வைத்திருந்தாள் அங்கே மேசையில் இருந்த பெண். நான் வாசித்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இது யாரோடது?"ன்னார் அப்பா.

"உங்களோடதுதான் ஐயா. பட்டியல்ல லிவோனியர்னு ஒரு இனமே இல்லை."

"பட்டியல்ல இல்லாதவனை எதுக்கும்மா ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்க வெச்சீங்க?"

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அப்பா பழைய பாஸ்போர்ட்டை மேசையிலிருந்து தடவி எடுத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். புதியது அங்கேயே கிடக்கிறது. புது வருஷத்துக்குப் பிறகு பழையது செல்லாது. நம் கரை எல்லைக்காவல் பகுதி; செல்லாத பாஸ்போர்ட்டோடு சிப்பாய்களின் தடுப்புக்கட்டையைத் தாண்டி வெளியே போனால், திரும்ப ஊருக்குள் விடமாட்டார்கள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆப்பிள் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அடியில் இருப்பதை முதலில் தின்னுங்கள்.

உன் அக்கா,
பவுலீனா


ரீகா,
2 நவம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஆப்பிள் வந்தது. களிம்பு ஜன்னலில்தான் இருக்கிறது, மன்னித்துக்கொள்.

நல்ல சேதி ஒன்று. பிரூத்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மூலம் கண் மருத்துவமனையில் மார்ச் மாதம் ஒரு படுக்கை கிடைத்திருக்கிறது. எத்தனை பேரைப் பிடித்தோம் என்று கேட்காதே. படுக்கையைக்கூட எப்படியோ பிடித்துவிடலாம், பாஸ்போர்ட் இல்லாமல் அதில் படுப்பதுதான் முடியாது.

அக்கா, அது ஒரு வார்த்தை. நான் இருபத்தைந்து வருஷமாகக் காகிதத்தில் லாட்வியன். என் மூக்கு மாறவில்லை, மீன் தின்னும் விதமும் மாறவில்லை. ஆனால் குடியிருப்பை ஊருக்கு வெளியே பதிவு செய்துகொண்டவன் என்பதால் ஒவ்வொரு வருஷமும் சொந்த வீட்டுக்கு வர அனுமதிச் சீட்டுக்கு மனுப் போடுகிறேன். இந்த வருஷமும் மறுத்துவிட்டார்கள். நான் வந்து பேச முடியாது. நீதான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

அன்புடன்,
எவால்ட்


சீக்ரக்,
27 டிசம்பர் 1977

அன்புத் தம்பி,

பண்டிகைக்கு எல்லோரும் நன்றாக இருந்திருப்பீர்கள். இங்கே கேரட் வைத்த ரை மாவு அப்பம் சுட்டேன், பாதி கருகியது. அப்பாவுக்குத் தெரியவில்லை. நாக்குக்குத் தெரிந்தது.

நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். என்னால் முடிந்த புத்திசாலித்தனத்தோடு ஒன்று சேர்த்தும் சொன்னேன். "அப்பா, நாம வீட்டுக்குள்ள என்னைக்காவது லிவோனியர்னு சொல்லிக்கிட்டிருக்கோமா? கரைக்காரங்கன்னுதானே சொல்வோம்? மத்தது வெளியாளுங்களுக்குச் சொல்ற பேரு. அதை விட்டா என்ன குறைஞ்சிடும்?"

அவர் வலை ஊசியை மடியில் வைத்தார். கண் தெரியாமலேயே வலை பின்னுகிறார், எந்தக் கடலுக்கோ.

"கரையைக் காட்டு பாப்போம்"ன்னார். "சாயங்காலம் ஆனா சிப்பாய் மணலைச் சீவி விடுறான், காலைல எவன் காலடி இருக்குன்னு பாக்குறான். நம்ம படகைக் காட்டுக்குள்ள இழுத்துப் போட்டு மக்க விட்டான். கடலுக்குப் போகாதவன் கரைக்காரனா? அந்தப் பேரை அவங்க பூட்டு போட்டு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் இருக்கறது வெளியாளுங்களுக்குச் சொல்ற பேருதான். அதையும் குடுத்துட்டா, நான் யார்னு எவனாவது கேட்டா எதைக் காட்டுவேன்?"

பிறகு அந்த எஸ்தோனியக்காரர்களை நினைத்துச் சிரித்தார். ஒவ்வொரு கோடையிலும் அனுமதி வாங்கிக்கொண்டு நம் மொழியைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்து, "இன்னும் ஒரு தரம் சொல்லுங்க ஐயா" என்று உட்கார்ந்திருப்பார்களே. "டேப்புக்கு நான் லிவோனியன், பாஸ்போர்ட்டுக்கு லாட்வியன். நல்லாருக்கு!"

எழுந்துபோய்ப் பசுவுக்குத் தண்ணீர் வைத்தேன். அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை, அதுதான் கோபமாக இருக்கிறது.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள். ரீகா காற்று பொல்லாதது.

அக்கா


ரீகா,
19 ஜனவரி 1978

அக்கா,

நாங்கள் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மருத்துவமனையில் கேட்டேன். புரை முற்றி உள்ளே வீங்கினால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாமாம். மார்ச்சை விட்டால் அடுத்த படுக்கை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் குருடாகப் போகிறார், நீ அவர் பேச்சை ரசித்து எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய். சில நேரம் உனக்கும் இது பிடித்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. இரண்டு பேரும் கம்பிவேலிக்குள் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருங்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட நேரமில்லை, தபால் போகிறது.

எவால்ட்


சீக்ரக்,
11 பிப்ரவரி 1978

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

அப்பா சம்மதித்துவிட்டார். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. மார்ச் ஆறாம் தேதி முதல் பேருந்தில் கூட்டிக்கொண்டு வருகிறேன், மாலைப் பேருந்தில் நான் திரும்ப வேண்டும்; மீன் கொட்டகை வேலையில் ஒரு நாளைக்கு மேல் விடுப்பு கிடையாது, பசுவும் சினையாக இருக்கிறது.

இந்த வருஷம் கடல் வெகுதூரம் உறைந்திருக்கிறது. பனிமேல் நரி போவதைக்கூடச் சிப்பாய்கள் தேடுவிளக்கு போட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு கிரியேத்தா கால் இடறி விழுந்து கையை முறித்துக்கொண்டாள், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பாஸ்போர்ட்டைப் பற்றி அப்பாவிடம் எதுவும் பேசாதே. அவராகப் பேசினால் ஆமாம் போடு.

உன் அக்கா


ரீகா,
20 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்ததும் பிரூத்தா அழுதுவிட்டாள். போன கடிதத்துக்காக என்னை மன்னித்துவிடு.

ஆனால் எப்படி? எழுதியதை மாற்றிக் கொடுத்தார்களா? அவர் மனம் மாறினாரா? நம் அப்பா ஒரு சட்டையைக்கூட மாற்றுகிறவர் இல்லையே. எதற்கு நான் ஆமாம் போட வேண்டும் என்று தெரிந்தால்தானே போடுவேன்?

எவால்ட்


சீக்ரக்,
28 பிப்ரவரி 1978

தம்பி,

நலம் விசாரிப்பதை எல்லாம் நேரில் வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

எதையும் மாற்றவில்லை. லாட்வியர் என்றுதான் இருக்கிறது.

அப்பாவிடம், "பழசைக் குடுத்தா அதைப் பாத்துப் புதுசைத் திருத்தித் தர்றேன்னு சொல்றாங்க" என்றேன். முகம் மலர்ந்து, சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் டாக்டர் சீட்டைக் காட்டி, கண் தெரியாதவர் என்று அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போட்டேன். பழையதை அந்த அலுவலகப் பெண் ஓட்டை குத்தி ஒரு பெட்டியில் எறிந்தாள். அந்த வார்த்தை எழுதியிருந்த கடைசித் தாள் அது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து புதியதை அவர் கையில் வைத்தேன். விரலால் தடவினார்.

"வாசி."

பெயர் வாசித்தேன், பிறந்த வருஷம் வாசித்தேன். இனம், லிவோனியர் என்று வாசித்தேன்.

"இன்னொரு தரம்."

வாசித்தேன்.

மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியா? நின்னா நடக்கும். நீயும் உன் தம்பியும் என்னைக் குனியச் சொன்னீங்க"ன்னார். கிரியேத்தாவைக் கூப்பிடச் சொல்லி, அலமாரியிலிருந்த புட்டியைத் திறக்க வைத்தார். அவள் பாஸ்போர்ட்டைப் பார்க்க நல்ல கையை நீட்டினாள். உன் கையில் மீன் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்பா அன்று பாடினார். பாட்டுக்கு நானும் தாளம் போட்டேன், எவால்ட்.

கண் பிழைக்கட்டும் என்றுதான் செய்தேன். கண் பிழைத்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் உறைக்கிறது. பாஸ்போர்ட்டை உன் அலமாரியில் வைத்துப் பூட்டு. எக்காரணம் கொண்டும் அவர் கையில் கொடுக்காதே.

பவுலீனா


ரீகா,
30 மார்ச் 1978

அன்புள்ள அக்கா,

வலது கண் நன்றாக வந்துவிட்டது! மற்றதை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள், புட்டியின் அடிப்பாகம் போல் கனம். அது இல்லாவிட்டால் எல்லாம் பனிமூட்டம்தானாம். போட்டுக்கொண்டு முதலில் பிரூத்தாவைப் பார்த்தார். "இவ்வளவு லட்சணமா இருக்கியே, என் பையன்கிட்ட எப்படிம்மா மாட்டின?" அவள் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே சமைக்கிறாள்.

கண்ணில் பட்டதை எல்லாம் சத்தமாக வாசிக்கிறார். டிராம் பலகை, உப்புப் பெட்டி, மாடிப்படியில் பயல்கள் கிறுக்கியது எல்லாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. பாஸ்போர்ட் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. "என்னோடதைக் குடு, கண்ணால ஒரு தடவை பாக்கணும்" என்று தினமும் கேட்கிறார். பதிவுக்காகக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் பேருந்து ஏற்றிவிடலாம் என்கிறார் டாக்டர்.

எவால்ட்


சீக்ரக்,
21 மே 1978

தம்பி,

நீங்கள் நலம்தானா? ஏப்ரலில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஏப்ரல் கடைசி என்றாய், மே முடியப்போகிறது.

ஈஸ்டர் விடியலில் நம் வழக்கப்படி கடலோரம் பாடிப் பறவைகளை எழுப்பப் போனோம். பொழுது நன்றாக விடியாமல் மணலில் கால் வைக்கக்கூடாது என்று சிப்பாய் தடுத்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் மேட்டில் நின்று பாடினோம், ஆறே பேர். பாட்டை எடுத்துக் கொடுக்க அப்பா இல்லை, கிரியேத்தா எடுத்தாள். பறவைகள் எழுந்தனவோ, பயந்தனவோ.

நான் எழுத நினைத்தது அது இல்லை. பார்த்துவிட்டாரா? ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


ரீகா,
3 ஜூன் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்குக் காரணம் உனக்கே தெரிந்திருக்கும்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை பாஸ்போர்ட்டைக் கேட்டார். பேருந்தில் யாரிடமாவது கொடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கொடுத்துவிட்டேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு வாசித்தார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் வாசிச்சா. குரல்கூட நடுங்கலை."

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

பேருந்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். "இதைக் காட்டித்தான் என் வீட்டுக்குப் போகணும்னா, இதுல எழுதியிருக்கறவன் போகட்டும். அவன் யாரோ, எனக்கு அவனைத் தெரியாது." அன்றிலிருந்து இந்த ஐந்தாம் மாடியில்தான் இருக்கிறார். கீழே இறங்குவதில்லை. எதையும் வாசிப்பதும் இல்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பக்கம் மாவு ஆலைதான் இருக்கிறது. அதையே பார்க்கிறார். மெலிந்துவிட்டார், அக்கா. அங்கே வெளியே போக முடியாமல் இருந்தார், இங்கிருந்து ஊருக்குள் போக முடியாமல் இருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து இப்படிச் செய்துவிட்டோம்.

நீ அவருக்கு எழுது. என் பேச்சு ஏறவில்லை.

எவால்ட்


சீக்ரக்,
10 ஜூன் 1978

அப்பாவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா?

இதை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்களே வாசியுங்கள்.

நான் பொய் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். பழையதையும் உங்களிடம் ஏமாற்றி வாங்கினேன். மன்னியுங்கள் என்று எழுத வந்தேன், எழுத வரவில்லை, ஏனென்றால் நாளைக்கு மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். பெயரா கண்ணா என்று கேட்டால் என்னால் கண் என்றுதான் சொல்ல முடியும். உங்கள் அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. நீங்கள் கோப்பையைத் தேடி மேசையெல்லாம் தடவியதை மூன்று வருஷம் தினமும் பார்த்தவள் நான்.

கோபம் என்மேல். அதைக் கடல்மேல் காட்டாதீர்கள். உருளைக்கிழங்கு பூத்துவிட்டது. பசு கன்று ஈன்றது, கிடாரி. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னை அடியுங்கள், திட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். வாருங்கள்.

உங்கள் மகள்,
பவுலீனா


சீக்ரக்,
16 ஜூலை 1978

அன்புத் தம்பி எவால்ட்,

பிரூத்தா நலமா, உன் முதுகு நலமா? அப்பா வருகிறார் என்ற உன் தந்தி போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் சனிக்கிழமை தடுப்புக்கட்டைக்கு நடந்தே போனேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பேருந்திலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அப்பா ஒரு அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கண்ணாடி இல்லை. அறுவை வீணாகிவிட்டது, நீ என்னிடம் மறைத்துவிட்டாய் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "பவுலீனாவா?" என்றார். ஆமாம் என்றேன்.

சிப்பாய் எங்கேயோ தெற்கிலிருந்து வந்தவன், சின்ன வயசு. படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது நீங்கதானா தாத்தா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"இனம் லாட்வியன். சரியா?"

"குருடன்கிட்டப் போய் சரியானு கேக்குறியே தம்பி. எனக்கு மத்தவங்க வாசிக்கிறதுதான். போன தடவை வேற மாதிரி வாசிச்சாங்க. இப்ப நீ இப்படி வாசிக்கிற. உனக்குச் சரின்னா கட்டையைத் தூக்கு."

தூக்கினான். அப்பா பொய் சொல்லாமல் உள்ளே வந்தார். என் கை அவர் கைக்குள் இருந்தது, அதை உதறவில்லை.

காட்டுப் பாதையில் ஒரு வேருக்கும் அவர் கால் தடுக்கவில்லை. மேட்டுக்கு வந்ததும் என் கையை விட்டார். "நீ போ, நான் வர்றேன்"ன்னார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கண் தெரிகிறதே என்று. கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

மூன்று வாரம் ஆகிறது. சாப்பிடுகிறார், கிண்டல் செய்கிறார், கன்றுக்குப் பெயர் வைத்தார், வலை பின்னுகிறார். தினமும் மேட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுக் கடலைப் பார்க்கிறார். கன்றைப் பார்க்கிறார். கிரியேத்தாவைப் பார்த்து, "உனக்கு மீசை முளைச்சிருக்கு" என்று சொல்லி அடி வாங்கினார். நான் பக்கத்தில் போனால் மட்டும் கழற்றிவிடுகிறார். கோப்பை எங்கே என்று தடவுகிறார். நான் எடுத்துக் கையில் வைக்கிறேன்.

நேற்றுத் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அப்பா, என்னைப் பாக்கவே மாட்டீங்களா?"

வலை ஊசியை ஓட்டிக்கொண்டே நம் மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னார். "கண்ணு தெரிஞ்சவனா இந்த வீட்டுல இருந்தா, நீ செஞ்சதை நான் தட்டிக் கேட்டாகணும்மா. கேட்டா ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாது. குருடனா இருந்தாத்தான் உன் கையால சாப்பிட முடியும். இருந்துட்டுப் போறேன், விடு."

சூப்பை ஊற்றினேன், ரொட்டியைக் கையில் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். மெய்யாகவே பிடித்திருந்தது போலிருக்கிறது, இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

எவால்ட், அவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது என் தலையில் ஒரு நரை இல்லை. இந்த மூன்று குளிர்காலத்தில் முழுக்க வெளுத்துவிட்டது, முன்பல்லும் ஒன்று போய்விட்டது. அவருக்கு எதுவும் தெரியாது. என் குரலுக்கு அவர் மனசில் இன்னும் அந்தப் பழைய முகம்தான் இருக்கும். என்றைக்காவது மறந்துபோய்க் கண்ணாடியோடு திரும்பினால், இந்த வீட்டில் நிற்கிற கிழவி யார் என்றுதான் கேட்பார்.

மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அனுமதிச் சீட்டுக்கு மறுபடியும் மனுப் போடு.

உன் அக்கா,
பவுலீனா